சால்டரிங் அயர்னைத் தொடும் முன்: கல்லூரி க்யூப்சாட்டுக்கு அனுமதி வாங்கும் வழி

எங்கள் கல்லூரியின் பணக் கணக்கைப் பார்க்கும் பர்சார் எந்தப் பைலைப் பார்த்தாலும் இரண்டு கேள்விக்கு மேல் கேட்க மாட்டார். மாணவர்கள் செய்யும் க்யூப்சாட், அதாவது கையில் அடங்கும் கன சதுரச் சாட்டிலைட், திட்டத்தின் பைலை அவர் மேசையில் வைத்த அன்று முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" இரண்டாவது, "இது யார் வீட்டு ஓட்டு மேலயாவது விழுந்தா காசு யார் சார் குடுக்கணும்?" முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. இரண்டாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பைலை என் பக்கம் தள்ளி, "தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் துறையில் பாடம் எடுப்பவன். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்டிலைட்டின் காகித வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் போர்டுகளை எட்டு மாதத்தில் முடித்துவிட்டார்கள். அனுமதி வேலையைக் கடைசியில் தொடங்கியதால், முடித்த போர்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தோம். நாங்கள் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பர்சாரின் கேள்விக்குப் பதில்

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் ஆறாவது பிரிவு, ஒரு நாட்டின் தனியார் விண்வெளியில் செய்யும் காரியத்துக்கும் அந்த நாட்டு அரசே பொறுப்பு என்கிறது. அரசு அனுமதி கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். 1972-இல் வந்த பொறுப்பு உடன்படிக்கை இன்னும் கறாரானது. தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் ஏற்பட்டால், தப்பு யார்மேல் என்ற பேச்சே கிடையாது, ஏவிய நாடு கட்டியாக வேண்டும். விண்வெளியில் ஒன்றோடொன்று மோதினால் மட்டும்தான் தப்பு யாருடையது என்று பார்ப்பார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1978 ஜனவரியில் அணு உலையோடு பறந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 கனடாவின் வடமேற்கில் சிதறி விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடா டாலர் கேட்டது. 1981-இல் 30 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள்.

ஆக, ஓடு உடைந்தால் வெளிநாட்டுக்காரர் கேட்கப்போவது இந்திய அரசை. அரசு அப்புறம் நம் பக்கம் திரும்பும். அமெரிக்க ராக்கெட்டில் அனுப்பினாலும் தப்ப முடியாது, ஏவுதலுக்கு ஏற்பாடு செய்த நாடும் "ஏவிய நாடு" கணக்கில்தான் வரும். இந்தியாவில் விண்வெளி நடவடிக்கைகளுக்கென்று 2017-இல் ஒரு சட்ட வரைவு வெளியானது. அது இன்னும் சட்டமாகாததால், நாம் அரசுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிகளும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளும்தான் நம்மைக் கட்டுகின்றன. அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போவது மாணவரும் இல்லை, நானும் இல்லை, கல்லூரி நிர்வாகம். அதனால் நிர்வாகத்தை முதல் வாரத்திலேயே உட்கார வைத்துப் பேசுங்கள்.

சாட்டிலைட் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்

உங்களுக்குத் தேவை ஒரு சென்சாரை விண்வெளியில் சோதிப்பது மட்டும்தான் என்றால், பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசி அடுக்கான நான்காம் நிலையையே மேடையாக்கும் இஸ்ரோவின் போயம் இருக்கிறது. 2022 ஜூனில் பிஎஸ்எல்வி-சி53 ஏவுதலில் தொடங்கியது. 2024 டிசம்பர் 30 அன்று, இரண்டு கலன்களை விண்வெளியில் இணைக்கும் சோதனையான ஸ்பேடெக்ஸோடு போன போயம்-4 மட்டும் 24 கருவிகளைச் சுமந்தது. மின்சாரத்தையும் தரவு அனுப்பும் வழியையும் மேடையே கொடுக்கிறது, வேலை முடிந்த மேடையை விண்வெளிக் குப்பையாக விடாமல் இறக்கும் கவலையும் இஸ்ரோவுடையது. போயம்-3-ஐ 350 கிலோமீட்டருக்கு இறக்கி, 2024 மார்ச்சில் வளிமண்டலத்தில் எரிந்துபோக விட்டார்கள்.

இதற்கும் தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி வேண்டும், ஆனால் கீழே நான் புலம்பப்போவதில் பாதி உங்களுக்கு இருக்காது. "எங்கள் கல்லூரிச் சாட்டிலைட்" என்று பெயர்ப்பலகை வைக்க முடியாது, அவ்வளவுதான். எங்கள் நிர்வாகத்துக்குப் பலகைதான் முக்கியம். அண்ணா பல்கலைக்கழகம் 2009-லேயே அனுசாட்டை அனுப்பிவிட்டது, பிறகு எஸ்ஆர்எம், சத்யபாமா, நூருல் இஸ்லாம் என்று வரிசையாகப் போய்விட்டன, நாம் மட்டும் சென்சார் அனுப்புவதா என்ற ரோஷம்.

அலைவரிசை: இங்கேதான் நாங்கள் சறுக்கினோம்

பிள்ளைகள் குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பும் லோரா ரேடியோ மாட்யூல் ஒன்று வாங்கியிருந்தார்கள். சில நூறு ரூபாய்தான், 866 மெகாஹெர்ட்ஸ். "சார், 865-867 பட்டைக்கு இந்தியாவில் லைசென்ஸே வேண்டாம்" என்று அரசாணையையே எடுத்துக் காட்டினார்கள். ஆணை சரிதான். ஆனால் அந்தச் சலுகை தரையில் குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கு. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசும் டிரான்ஸ்மிட்டர் ஒரே நேரத்தில் பல நாடுகளின்மேல் பேசுகிறது, அங்கெல்லாம் அந்தப் பட்டை வேறு யாருக்கோ சொந்தம். போர்டு, ஆண்டெனா, லிங்க் பட்ஜெட் (சிக்னல் தரையை எட்டுமா என்ற கணக்கு) மூன்றையும் 435-438 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். ஒரு செமஸ்டர் போனது.

அந்த 435-438, அமெச்சூர், அதாவது ஹாம் ரேடியோ, செயற்கைக்கோள்களுக்கான பட்டை. அதில் இடம் கேட்க, சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கமான ஐஏஆர்யுவின் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் பட்டைக்கு நிபந்தனை உண்டு. பணம் சம்பாதிக்கும் நோக்கம் கூடாது. கீழே அனுப்பும் செய்தியைப் பொருள் புரியாதபடி மறைக்கக் கூடாது, சாட்டிலைட்டுக்குப் போகும் கட்டளைகளை மட்டும் பூட்டிவைக்கலாம். எங்கள் குழுவில் ஒரு பையன், எடுக்கும் படங்களைப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர்களுக்குச் சந்தா போட்டு விற்கலாம் என்று கம்பெனி பெயர்கூட யோசித்து வைத்திருந்தான். "நல்ல யோசனைதான்டா, இந்தப் பட்டையில் முடியாது" என்றேன். விற்கப் போகிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே வேறு சேவைப் பிரிவில், முறையான அலைவரிசை கேளுங்கள். பாதி வழியில் மாற்றினால் எல்லாத் தாளும் முதலிலிருந்து.

ஐஏஆர்யு சம்மதித்தால் மட்டும் போதாது. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு, அதாவது ஐடியுவுக்கு, விவரம் போக வேண்டும். அங்கே தனிமனிதரோ கல்லூரியோ நேரடியாகக் கதவைத் தட்ட முடியாது, நாட்டின் அரசு வழியாகத்தான். நமக்கு அது தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு. ஸ்பேஸ்கேப் என்ற பழைய பாணி மென்பொருளில் சுற்றுப்பாதை, திறன், ஆண்டெனா விவரம் எல்லாம் நிரப்பி ஒரு எம்டிபி கோப்பாக எடுத்துக் கொடுக்க வேண்டும். முதன்முறை பார்த்தால் அழுகை வரும். ஒரு மாணவரை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஐடியு அதை முன்கூட்டிய தகவலாக வெளியிட்ட பிறகு, மற்ற நாடுகள் ஆட்சேபம் சொல்ல நான்கு மாதம் உண்டு. அதற்குப் பிறகுதான் அடுத்த படி. பயன்பாட்டுக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே இந்தத் தகவல் வந்துசேர்வது நல்லது என்று ஐடியு விதியே சொல்கிறது. எங்கள் பையன்கள் போர்டு செய்தது எட்டு மாதத்தில் என்று சொன்னேன் இல்லையா, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அமெச்சூர் சாட்டிலைட் யாருக்காவது இடைஞ்சல் செய்தால் உடனே வாயை மூடவைக்கும் தரைநிலையம், ஏவுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் ஆஃப் கட்டளை இருந்தது, சோதனையில் ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. ஒருநாள் மதியம், ஆஃப் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போய்த் திரும்பினால், மேசைமேல் பீக்கன், அதாவது "நான் இருக்கிறேன்" என்று சாட்டிலைட் விட்டுவிட்டு அனுப்பும் சிக்னல், ஜாலியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பிராசஸர் தொங்கிப்போனால் தட்டியெழுப்பும் வாட்ச்டாக் டைமர் அதை ரீசெட் செய்திருக்கிறது. "பேசாதே" என்ற குறிப்பை ரேமில் வைத்திருந்தோம், ரீசெட்டில் அது அழிந்துவிட்டது. குறிப்பை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்துக்கு மாற்றினோம். உங்கள் புரோகிராமில் அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.

எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிசு

ஸ்வார்ம் டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நான்கு குட்டிச் சாட்டிலைட்டுகள் செய்தது. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் சதுரம், 2.8 சென்டிமீட்டர் தடிமன், கிட்டத்தட்ட ஒரு சின்ன டிபன் பாக்ஸ். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் எஃப்சிசி 2017 டிசம்பரில் விண்ணப்பத்தை நிராகரித்தது. அளவு இவ்வளவு சிறிதாக இருந்தால் ராடாரால் நம்பிப் பின்தொடர முடியாது, மோதல் எச்சரிக்கை கொடுக்க முடியாது என்பது காரணம். அடுத்த மாதம், 2018 ஜனவரி 12, நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி40-இல் அந்த நான்கும் மேலே போய்விட்டன. ஆண்டுக் கடைசியில் 9 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் சமாதானம் செய்துகொண்டது.

ராக்கெட்டில் சீட்டு கிடைப்பது வேறு, அனுமதி கிடைப்பது வேறு. இடைத்தரகர் பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிடுவார். அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

எங்கள் சாட்டிலைட் 1யு, அதாவது 10 சென்டிமீட்டர் கன சதுரம். உந்துகருவி கிடையாது, மோதல் வந்தாலும் ஒதுங்க முடியாது. அப்படிப்பட்டதை எவ்வளவு தாழ்வாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. 500 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி என்றால் மெல்லிய காற்றே சில ஆண்டுகளில் இழுத்துவிடும். 600-ஐத் தாண்டினால் ஆயுள் மளமளவென்று கூடும். பழைய சர்வதேச வழிகாட்டுதல் 25 ஆண்டுக்குள் இறங்க வேண்டும் என்றது. எஃப்சிசி 2022-இல் அதை 5 ஆண்டாகக் குறைத்தது. இந்தியாவோ 2030-க்குள் குப்பையில்லா விண்பயணங்கள் என்று 2024-இல் அறிவித்திருக்கிறது. 25-ஐ மறந்துவிட்டு 5-க்குத் திட்டமிடுங்கள். நாசாவின் டிஏஎஸ், ஐரோப்பிய விண்வெளி முகமையின் டிராமா, இரண்டும் இலவச மென்பொருள்கள். ஆயுளையும், கீழே விழும்போது மனிதர்மேல் படும் வாய்ப்பையும் கணக்கிட்டுக் கொடுக்கும். அந்த வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அலுமினியச் சட்டமும் போர்டும் மேலேயே எரிந்துவிடும். டங்ஸ்டன், டைட்டானியம் ஏதாவது உள்ளே வைத்திருந்தால்தான் கவலை. இந்த அச்செடுத்த தாளைத்தான் கடைசியில் பர்சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இன்-ஸ்பேஸ் விண்ணப்பம்

2020-இல் அறிவிக்கப்பட்டு, அகமதாபாத்தின் போப்பல் பகுதியில் இயங்கும் இன்-ஸ்பேஸ்தான் தனியாருக்கும் கல்லூரிக்கும் ஒற்றை வாசல். 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை அந்தப் பொறுப்பை அதற்குக் கொடுத்தது, 2024 மே மாதம் வந்த நெறிமுறைத் தொகுப்பு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்கிறது. தொகுப்பை முழுவதும் படியுங்கள், சுருக்கம் எழுதிய கட்டுரைகளை நம்பாதீர்கள் (இதையும் சேர்த்துத்தான்).

விண்ணப்பம் இணையத்தில்தான். நோக்கம், சுற்றுப்பாதை, அலைவரிசை, தரைநிலையம் இருக்கும் இடம், ஆயுள் முடிந்தபின் என்ன செய்வீர்கள், எல்லாம் கேட்பார்கள். மேலே சொன்ன வேலைகளை முடித்திருந்தால் இது நகலெடுக்கும் வேலை. முடிக்காமல் உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு மாதம். விண்ணப்பம் போனபின் நான்கு மாதமாவது காத்திருக்கத் திட்டமிடுங்கள். பல அமைச்சகங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது, கேள்வி வந்தால் மூன்று நாளில் பதில் போடுங்கள். நாங்கள் ஒரு கேள்வியைத் தேர்வு நேரமென்று மூன்று வாரம் கிடப்பில் போட்டோம், வரிசை நமக்காக நிற்கவில்லை.

வெளிநாட்டு ராக்கெட் என்றால் இன்னொரு தலைவலி. சாட்டிலைட்டைப் பெட்டியில் எடுத்துப்போவதே ஏற்றுமதி. சாதாரண வேலைக்கும் ராணுவ வேலைக்கும் உதவும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்கோமெட் பட்டியலில் ஐந்தாம் பிரிவு விண்வெளிச் சாமான்களுக்கானது, உங்கள் பெட்டியில் இருப்பது அதில் வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மேலே போனபின்

எங்களுடையது அனுமதி வாங்கிவிட்டு ராக்கெட்டுக்காகக் காத்திருக்கிறது. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 தோற்றதையும் பார்த்தோம், தேதி தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். தள்ளிப்போனால் அலைவரிசைத் தாளையும் சுற்றுப்பாதைத் தாளையும் திருத்திக் கொடுக்க மறக்காதீர்கள்.

பிரிந்தபின் 45 நிமிடம் சாட்டிலைட் வாயைத் திறக்கக் கூடாது, க்யூப்சாட் விதி அது. பிறகு பீக்கன் கேட்டால் கத்திக் கொண்டாடலாம். அன்றைக்கே செய்ய வேண்டியது, கூட்டத்தில் எது உங்களுடையது என்று டாப்ளர் மாற்றத்தை (சாட்டிலைட்டின் வேகத்தால் அலைவரிசை நகர்வதை) வைத்துக் கண்டுபிடிப்பது. ஒரே ராக்கெட்டில் இருபது முப்பது பேர் இறங்கியிருப்பார்கள், விண்பொருட்களின் கண்காணிப்புப் பட்டியலில் எந்த எண் யாருக்கு என்பது முதல் சில நாள் குழப்பம்தான்.

அப்புறம் பதிவு. 1975-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியா ஐநாவுக்குத் தெரிவிக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஏவிய நாடு, பெயர் அல்லது எண், ஏவிய நாளும் இடமும், சுற்றும் காலம், சாய்வு, மிக அதிக உயரம், மிகக் குறைந்த உயரம், பொதுவான பணி. இந்த விவரங்களைக் கேட்கும்போது கொடுக்க ஒரே தாளில் எழுதி பைலின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டேன். கீழே ஒரு வரி நானாகச் சேர்த்தது, "எரிந்து முடிந்த நாள்". அனுசாட்டுக்கு அது 2012 ஏப்ரலில் வந்தது. எங்கள் தாளில் இப்போதைக்கு அந்த வரியில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.