பனிநாட்டில் தாடி ஐரிஸ்: கிழங்கை அழுகவைக்கும் தவறுகள்

கனடாவின் விண்ணிபெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் என்றால் யாரும் வியப்பதில்லை. அந்தக் குளிரில் மாதக்கணக்கில் கிடந்த தாடி ஐரிஸ், அதாவது இதழில் தாடிபோல் மயிர்வரிசை உள்ள பூச்செடி, ஜூனில் முக்கால் மீட்டருக்குத் தண்டு விட்டுப் பூக்கிறது. அதைவிட மிதமான டொராண்டோவிலோ, ஏப்ரலில் இலையைப் பிடித்தால் கையோடு வந்துவிடுகிறது. அடியில் கிழங்கு கூழாகிக் கிடக்கிறது. உறைந்தபடியே கிடக்கும் கிழங்குக்கு ஆபத்து குறைவு. உறைந்து, உருகி, ஈரத்தில் ஊறி, மறுபடி உறைகிற கிழங்குதான் அழுகும். கீழே வரும் தவறுகளில் சில, செடியைக் குளிரிலிருந்து காப்பாற்றப்போய் ஈரத்தில் தள்ளிவிடுபவை.

இஞ்சி நடுவதுபோல் நடுவது

ஐரிஸ் கிழங்கு பார்வைக்கு இஞ்சி, மஞ்சள் வகையறாதான். கணு கணுவாக, பக்கவாட்டில் விரல் விட்டுப் படரும். மஞ்சள் நட்டுப் பழகிய கைக்கு அதை நாலு விரற்கடை ஆழத்தில் புதைக்கத் தோன்றும். ‘பனி கொட்டும் ஊராயிற்றே, இன்னும் கொஞ்சம் ஆழமாகவே போடுவோம்’ என்று மேலும் மண் தள்ளுபவர்களும் உண்டு. ஆனால் இதன் முதுகு வெயில் பட்டுக் காய வேண்டும். வேர்கள் மட்டுமே மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஆழமாகப் போட்டால் அழுகும். அழுகாவிட்டால் வெறும் இலையாக விட்டுக்கொண்டு பூக்காமல் நிற்கும். (இஞ்சி போல் இருக்கிறதே என்று சமையலறைப் பக்கம் வைத்துவிடாதீர்கள். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெட்டும்போது வடியும் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.)

குழி ஒரு சாண் அகலம், 12 செ.மீ. ஆழம் போதும். குழியின் நடுவே மண்ணைக் கூட்டி வரப்புபோல ஒரு சிறு மேடு எழுப்புங்கள். கிழங்கை அதன்மேல் உட்காரவைத்து, வேர்களை இரண்டு சரிவிலும் பிரித்துவிட்டு, மண் இட்டுக் கையால் நன்றாக அழுத்துங்கள். வேலை முடிந்தபின் கிழங்கின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணற்பாங்கான நிலமானால் 1 முதல் 2 செ.மீ. மண் மேலே இருக்கலாம். இலைகளை 15 செ.மீ. உயரத்துக்கு விசிறிபோல வெட்டிவிட்டு நட்டால் காற்றில் சாயாது. நெட்டை வகைக்கு 35 முதல் 45 செ.மீ. இடைவெளி வேண்டும், குட்டைக்கு 20 முதல் 25 போதும்.

களிமண் நிலத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குழியை வெட்டி, அந்தக் குழிக்குள் மட்டும் மணலும் மட்கிய உரமும் நிரப்புவார்கள். சுற்றிலும் களி இருப்பதால் குழி தொட்டியாகிவிடும். பனி உருகும் நாட்களில் தண்ணீர் அதில்தான் வந்து நிற்கும். களிமண் என்றால் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவதே சரி. கூரைத் தண்ணீர் விழும் இடம், கார்ப் பாதையில் வழிக்கும் பனியைக் குவிக்கும் ஓரம் இரண்டும் ஆகாது. அந்தப் பனிக்குவியலோடு சாலை உப்பும் சேர்ந்து வருகிறது. குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஈரம் தேங்கும் மூலைதான் இருக்கிறதென்றால் அங்கே சைபீரிய ஐரிஸ் நடலாம். அதற்கு ஈரம் பிடிக்கும்.

அக்டோபரில் நடுவது

டியூலிப் குமிழ்கள் கடைக்கு வரும் காலத்திலேயே இதையும் நட்டுவிடலாம் என்று நினைப்பது, குளிர்நாட்டில் புது ஐரிஸ் சாவதற்கு முக்கியக் காரணம். பூத்து முடிந்தபின் கிழங்கின் பழைய வேர்கள் ஓய்கின்றன. கோடையில் புது வேர் பிறக்கிறது. அதனால் பூ முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் பிரித்து நடுவதே முறை. நிலம் உறைவதற்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது வேர் பிடிக்க அவகாசம் வேண்டும். விண்ணிபெக், சாஸ்கட்டூன் போன்ற ஊர்களில் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள், ஒட்டாவாவில் ஆகஸ்ட் முடிவதற்குள், டொராண்டோ பக்கம் செப்டம்பர் முதல் பாதிக்குள் நட்டுவிடுங்கள். அஞ்சலில் கிழங்கு வாங்குபவர்கள் ஜூலையிலேயே அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்து சேரும் கிழங்கு வாடிச் சுருங்கி இருப்பது இயல்பு. அதை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம்.

நட்டதும் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர். பிறகு மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரத்துக்கு. அதற்குமேல் வேண்டியதில்லை.

வேர் பிடிக்காத கிழங்கை உறைபனி மண்ணைவிட்டு மேலே தள்ளிவிடும். களிமண்ணில் ஈரம் அடியிலிருந்து மேலேறி, உறையும் இடத்தில் பனிக்கட்டித் தகடாகச் சேரும். தகடு தடிக்கத் தடிக்க மண்ணோடு கிழங்கையும் தூக்கும். கால்கரி பக்கம் வீசும் சினூக் என்ற வெப்பக்காற்று நடுக்குளிர்காலத்திலேயே பனியை உருக்கிவிட்டுப் போகும். அடுத்த சில நாளில் மறுபடி உறையும். அங்கே இந்தத் தொல்லை ஒரே பருவத்தில் பலமுறை வரும். வசந்தத்தில் வேர் தெரிய மேலே வந்து கிடக்கும் கிழங்கைக் காலால் மிதித்து உள்ளே தள்ளக் கூடாது; மிச்ச வேரும் அறுந்துவிடும். இருந்த இடத்திலேயே விட்டு, வேர்களை மூடும் அளவுக்கு மண்ணும் மணலும் அணைத்தால் போதும். தாமதமாக நட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், நவம்பரில் கிழங்கின்மேல் ஒரு செங்கலை வைத்துவிட்டு வசந்தத்தில் எடுத்துவிடலாம். பார்க்க விகாரமாக இருக்கும், ஆனால் கிழங்கு நகராது.

இலைச்சருகுப் போர்வை

மேப்பிள் இலைகளை வாரி ஐரிஸ் பாத்தியில் கொட்டுவது, செய்பவருக்குப் பரிவாகத் தோன்றும். நனைந்த மேப்பிள் இலை அப்பளக்கட்டு போல ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். அடியில் கிழங்கு வேகும். மரத்தூளும் பட்டைத்துண்டும் ஆண்டு முழுக்க ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் இந்தப் பாத்திக்கு ஒத்துவராது.

நிலைத்து நிற்கும் பனியே நல்ல மூடாக்கு. பனி நிலைத்து நிற்காத ஊரிலும், முதல் ஆண்டுக் கிழங்குக்கும் மட்டும் மூடாக்கு போடுங்கள். அதுவும் நிலத்தின் மேற்பரப்பு உறைந்த பிறகு. மண் சூடாக இருக்கும்போதே மூடினால் எலிக்கும் நத்தைக்கும் வீடு கட்டிக் கொடுத்ததுபோல ஆகும். நிலத்தை உறைந்தபடியே வைத்திருக்கத்தான் மூடாக்கு; அதற்குச் சூடேற்றும் வேலை இல்லை. ஊசியிலை மரக்கிளைகள் சிறப்பானவை, காற்று போகும், படியாது. கிறிஸ்துமஸ் முடிந்து தெருவோரம் வந்துவிழும் மரத்தின் கிளைகளே போதும். சுத்தமான வைக்கோலும் 10 முதல் 15 செ.மீ. தளர்வாகப் போடலாம். புதுத் தளிர் தலைகாட்டியதும் இதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் மழையில் விட்டுவைத்தால் குளிர்காலம் முழுவதும் காத்ததெல்லாம் வீண்.

பழைய இலையை விட்டுவைப்பது

ராக்கி மலைக்குக் கிழக்கே ஐரிஸுக்குப் பெரிய எதிரி ஐரிஸ் துளைப்பான். அந்துப்பூச்சியின் புழு இது. அறிவியல் பெயர் மாக்ரோநாக்டுவா ஒனுஸ்டா. குளிர்காலம் இதை ஒன்றும் செய்வதில்லை. இலையுதிர் காலத்தில் தாய்ப்பூச்சி காய்ந்த ஐரிஸ் இலைகளில் முட்டையிடும். முட்டை பனிக்கடியில் பத்திரமாக இருக்கும். வசந்தத்தில் தளிர் ஒரு சாண் வளரும்போது குஞ்சுப்புழு வெளிவந்து, இலையில் ஊசிமுனைத் துளை போட்டு உள்ளே போகும். இலையின் இரு தோலுக்கும் நடுவே கீழ்நோக்கித் தின்றுகொண்டே வந்து, கோடையில் கிழங்கைக் குடையும். அப்போது அது இளஞ்சிவப்பாக, பழுப்புத் தலையோடு, சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். அது குடைந்த வழியே பாக்டீரியா நுழைகிறது. ‘குளிரில் அழுகிவிட்டது’ என்று தூக்கிப்போடும் கிழங்குகளில் பல, போன கோடையில் புழு குடைந்தவை.

மருந்தைவிடத் துப்புரவு நன்றாகக் கேட்கிறது. கடும் உறைபனி இரண்டு மூன்று விழுந்து, பூச்சிகள் முட்டையிட்டு முடிந்தபின், இலைகளை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டி, காய்ந்த சருகுகளை அடிவரை உரித்து எடுத்துவிடுங்கள். அவற்றை உரக்குழியில் போடாமல் குப்பையோடு அனுப்ப வேண்டும். இதையே ஆகஸ்டில் செய்வது எதிர்ப்பக்கத் தவறு. அழகுக்காகப் பச்சை இலையை வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்தைக் கிழங்கு எங்கிருந்து சேர்க்கும்? கோடையில் காய்ந்ததையும் புள்ளி விழுந்ததையும் மட்டும் எடுங்கள்.

துப்புரவுக்கும் தப்பிய புழுவை மே, ஜூனில் பிடிக்கலாம். இலை விளிம்பு கடிபட்டு, ஈரம் ஊறியது போன்ற கோடு தெரிந்தால், இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழே நசுக்கிக்கொண்டே வாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் பலன் உறுதி.

அழுகலைக் கண்டதும் மொத்தத்தையும் தூக்கி எறிவது

நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல். நடுத்தளிர் மட்டும் மஞ்சளாகி உருவிக்கொண்டு வந்து, நாற்றமும் இல்லை, கிழங்கும் கெட்டியாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வசந்தத்தில் தாமதமாக விழுந்த உறைபனி சுட்ட தளிர். பக்கக் கணுவிலிருந்து புதிது வரும். அழுகலானாலும் கிழங்கு முழுவதும் போயிருக்காது. கிளறி எடுக்காமல், மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, பழைய கரண்டியால் குழைந்ததையெல்லாம் சுரண்டுங்கள். வெள்ளையாக, தேங்காய்க் கீற்றுபோல் கடினமாக இருக்கும் சதை தென்படும்வரை சுரண்ட வேண்டும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காயத்தில் ஊற்றி, மண் போட்டு மூடாமல் வெயிலில் காயவிடுங்கள். கத்தியையும் கரண்டியையும் அடுத்த செடிக்குப் போகுமுன் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

உரத்தில் தவறு ஒன்றே ஒன்று: தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுவது. புல்தரைக்குத் தூவும் உரம் பாத்திக்குள் சிதறினாலே இலை தளதளவென்று வளர்ந்து, கிழங்கு நீர்த்துப்போய் அழுகலுக்கு இடம் கொடுக்கும். 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) போன்ற, தழைச்சத்து குறைந்த உரத்தை வசந்தத் தொடக்கத்தில் ஒரு முறை, பூத்து ஒரு மாதம் கழித்து ஒரு முறை, குத்துக்குக் கால் கப் வீதம் சுற்றிலும் தூவலாம், கிழங்கின்மேல் படக்கூடாது.

படத்தைப் பார்த்து ரகம் வாங்குவது

பட்டியலில் பளபளக்கும் புது நெட்டை ரகங்கள் பல, அமெரிக்க மேற்குக் கரையின் மிதமான குளிரில் வளர்த்துத் தேர்ந்தவை. அந்தக் கரையில் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் பெயர்பெற்ற ஷ்ரைனர் ஐரிஸ் பண்ணையே மின்னசோட்டாவின் செயின்ட் பாலில் தொடங்கி, 1940களில் ஓரிகனுக்குக் குடிபெயர்ந்ததுதான். அங்கே தேர்ந்த ரகம் உங்கள் ஊரில் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். இரண்டு குளிர்காலம் ஒரே ஒரு கிழங்கை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கிழக்கு ஐரோப்பியப் புல்வெளிகளில் விளையும் ஐரிஸ் பூமிலா வழிவந்த குட்டை ரகங்கள், 20 முதல் 40 செ.மீ. உயரம், குளிரை நெட்டையைவிட நன்றாகத் தாங்கும், பூப்பதும் முந்தித்தான். இருமுறை பூக்கும் ரகம் என்ற சொல்லில் மயங்குபவர்கள் உண்டு. வடக்கே பலவற்றின் இரண்டாம் பூத்தண்டு மொட்டிலேயே உறைந்துபோகும். 1982இல் பதிவான வெள்ளை நிற ‘இம்மார்ட்டாலிட்டி’ குளிர்ப் பகுதிகளிலும் திரும்பப் பூப்பதற்குப் பெயர் வாங்கியது.

முதல் ஜூனில் பூக்கவில்லை என்று தோண்டி இடம் மாற்றவும் வேண்டாம். ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கவிரல்கள்தான் பூக்கும், அவை தேற ஓராண்டு பிடிக்கலாம். மூன்று நான்கு ஆண்டில் குத்து நெருங்கி, நடுவில் மொட்டைக் கிழங்குகளும் ஓரத்தில் மட்டும் இலைகளும் நிற்கும்போது தோண்டுங்கள். மொட்டைக் கிழங்கை எறிந்துவிட்டு, இலை விசிறியும் வேரும் உள்ள விரல்களை மட்டும் எடுத்து, வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் காய்ந்தபின் நடலாம்.