மூன்று ஃபைல், மூன்று கணக்கு: சின்ன யூனிட்டைக் கிளவுடுக்கு மாற்றிய கதையும் செய்முறையும்

திருப்பூரில் என் மச்சானுக்கு ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் இருக்கிறது. பார்ட்டிகளிடமிருந்து, அதாவது வேலை கொடுக்கும் கம்பெனிகளிடமிருந்து, கட்டிங் முடிந்த பண்டல்கள் வரும். தைத்து, செக்கிங், அயர்ன் முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்துப் பதினாறு தையல் மெஷின். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். கணக்கு பார்ப்பது என் வேலை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பார்ட்டியிடமிருந்து போன். "ஏனுங்க, 1,200 பீஸ் கொடுத்தோம், 1,020தான் வந்திருக்கு. மீதி 180 எங்கீங்க?" என் லேப்டாப்பில் இருந்த எக்செல் ஃபைல் 1,200ம் போய்விட்டது என்றது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே பெயரில் இருந்த ஃபைல் 1,020 என்றது. சூப்பர்வைசர் அண்ணன் வாட்ஸ்அப்பில் எனக்கு என்றோ அனுப்பிய ஒரு படத்தில் '180 ஆல்டர்' (திருத்தித் தைக்க வேண்டியவை) என்று இருந்தது. பண்டல் அயர்ன் டேபிளுக்கு அடியில் கிடைத்தது. சரக்கு எங்கேயும் போகவில்லை. எந்தக் கணக்கை நம்புவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய ஒருவர் கொட்டேஷன் கொடுத்தார்: ஒரு சர்வர், அதற்கு யூபிஎஸ், ரெண்டு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் லைசென்ஸ், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம். பதினாறு மெஷின் ஓடும் இடத்துக்குப் புது ஓவர்லாக் வாங்குகிற காசு அது. வாங்கவில்லை. அதற்குப் பதில் செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன். கிளவுடு என்றால் ஃபைல் நம் கம்ப்யூட்டரில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக எல்லோரும் பார்க்கும் ஒரே இடத்தில் இருப்பது. அதற்கு ஃபைல்களை வைக்கும் கூகுள் டிரைவ், எக்செல் மாதிரியான கூகுள் ஷீட்ஸ் இரண்டும் போதும். கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம்.

படி 1: முதலில் ஒரு தாள், ஒரு பேனா

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். உங்கள் தொழிலின் தகவல் எங்கெங்கே கிடக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் தாளில் வந்தது: டெலிவரி சலான் (சரக்கோடு வரும் சீட்டு, சுருக்கமாக டிசி) கணக்கு மூன்று இடத்தில், ஆட்களின் ஷிப்ட் கணக்கு ஒரு நோட்டில், ரேட் பேசியது வாட்ஸ்அப்பில், பில் எல்லாம் டேலி என்ற கணக்கு மென்பொருளில். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஒரு வருடத்தில் செலவான தொகையையும் எழுதுங்கள். லைசென்ஸ், ஆண்டிவைரஸ், சர்வீஸ்காரர், பென்டிரைவ், எல்லாம். இந்தத் தாள் இல்லாவிட்டால் மிச்சமா நஷ்டமா என்பது கடைசிவரை தெரியாது.

டேலியில் இருப்பதை அங்கேயே விடுங்கள். ஜிஎஸ்டி, லெட்ஜர் எல்லாம் ஷீட்டில் போடுகிறேன் என்று கிளம்பினால் ஆடிட்டரிடம் திட்டு வாங்குவீர்கள். பல பேர் கை வைக்கும் கணக்கு எதுவோ அதை மட்டும் மாற்றினால் போதும். எங்களுக்கு அது டிசி கணக்கு.

படி 2: கூகுள் கணக்கு யூனிட் பெயரில்

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆபீஸ் பையனின் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் தொடங்கிவிடுவார்கள். அவன் வேறு கம்பெனிக்குப் போகும்போது கணக்கும் அவனோடு போய்விடும்.

யூனிட் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். மீட்பு எண்ணாக முதலாளியின் போன் நம்பரைக் கொடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போட்டுவிட்டு, அதிலேயே 'பேக்கப் கோட்ஸ்' என்று இருப்பதைத் திறந்தால் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் வரும். பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய அவைதான் சாவி. ஒரு எண் ஒரு முறைதான் வேலை செய்யும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் மச்சானின் நிலப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.

இலவசக் கணக்கில் மெயில், போட்டோ, டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. போதுமா? ஒரு சலான் ஸ்கேன் சுமார் அரை எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 சலான் என்றால் 10 எம்பி. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 3 ஜிபி. நாலைந்து வருடம் ஓடும். நிரம்பினால் கூகுள் ஒன் என்ற கட்டணத் திட்டத்தில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் அளவில் ஆகும். வாங்கும்போது விலையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நான்கு ஃபோல்டர்

டிரைவில் நான்கே ஃபோல்டர் போடுங்கள்: சலான், ஆட்கள், ரேட், பழையது. உள்ளே உள்ளே என்று பதினைந்து ஃபோல்டர் போட்டால் யாரும் தேடமாட்டார்கள், மறுபடி வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஃபைல் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். 'புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்ற பெயர்களுக்கு அன்றோடு தடை.

படி 4: டிசி ஷீட்

பழைய எக்செலை அப்படியே ஏற்றத் தோன்றும். வேண்டாம். அதை 'பழையது' ஃபோல்டரில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஷீட் திறங்கள். பழைய ஃபைலில் ஒன்றாகச் சேர்த்துவைத்த கட்டங்களும், நடுவில் விட்ட வெற்று வரிகளும் பின்னால் உயிரை வாங்கும்.

முதல் வரியில் தலைப்புகள்: தேதி, பார்ட்டி, டிசி நம்பர், ஸ்டைல், வந்த பீஸ், கொடுத்த பீஸ், ஆல்டர், பாக்கி, நிலை. அந்த வரியை 'வியூ' மெனுவில் 'ஃப்ரீஸ்' செய்தால் கீழே போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும்.

பார்ட்டி பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒரே பார்ட்டியை மூன்று பேர் மூன்று மாதிரி எழுதுவார்கள், கூட்டிப் பார்த்தால் மூன்று பார்ட்டியாக வரும். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'இன்சர்ட்' மெனுவில் 'டிராப்டவுன்' கொடுத்து, பெயர்களை ஒரு முறை எழுதிவிடுங்கள். நிலை என்ற இடத்துக்கும் அப்படியே: தையல், செக்கிங், அயர்ன், அனுப்பியாச்சு. போனில் விரலால் தொட்டாலே போதும் என்பதால்தான் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் இதற்குள்ளேயே வந்தார்.

பாக்கிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, வந்த பீஸ் கட்டத்தைத் தொட்டு, கழித்தல் குறி போட்டு, கொடுத்த பீஸ் கட்டத்தைத் தொட்டு எண்டர் அடியுங்கள். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் வந்துவிடும். பாக்கியும் ஆல்டரும் ஒரே எண்ணாக இருந்தால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால் அயர்ன் டேபிளுக்கு அடியில் குனிந்திருக்க வேண்டாம்.

கடைசியாக, பாக்கி நெடுவரிசையைப் பூட்டுங்கள். 'டேட்டா' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கும். இல்லாவிட்டால் யாராவது கணக்கை அழித்துவிட்டு மேலே ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள், நல்ல எண்ணத்தோடுதான்.

படி 5: யாருக்கு எவ்வளவு

மேலே வலது பக்கம் 'ஷேர்' பொத்தான். அங்கே ஒருவருக்கு மூன்று விதமாக அனுமதி தரலாம். 'வியூவர்' பார்க்க மட்டும், 'கமென்டர்' குறிப்பு எழுத, 'எடிட்டர்' மாற்ற. சூப்பர்வைசரும் நானும் எடிட்டர். மச்சான் வியூவர். முதலாளிக்கே வியூவரா என்று அவர் முறைத்தார். பாதி தூக்கத்தில் போனைத் தடவும் பழக்கம் அவருக்கு உண்டு, அதனால்தான். மாற்றியே ஆக வேண்டும் என்றால் யூனிட் கணக்கின் பாஸ்வேர்டு அவரிடம்தானே இருக்கிறது.

'எனிஒன் வித் த லிங்க்' என்று ஒன்று இருக்கும். வேலை சுலபமாக முடியும், ஆனால் அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும். பீஸ் ரேட் இருக்கும் ஷீட்டை அப்படித் திறந்து போடக்கூடாது. 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே வைத்து, மெயில் முகவரி கொடுத்துச் சேருங்கள். பார்ட்டிக்குக் காட்ட வேண்டுமானால் அவர்களுக்கென்று தனி ஷீட்.

இன்னொன்று: சாதாரண ஜிமெயில் கணக்குகளில், நீங்கள் பகிர்ந்த ஃபோல்டருக்குள் வேறொருவர் புது ஃபைல் தொடங்கினால் அதன் உரிமையாளர் அவர்தான், நீங்கள் அல்ல. அதனால் புது ஷீட் எதுவானாலும் யூனிட் கணக்கிலிருந்து தொடங்குங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அன்றைக்கே ஷேர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 6: போனில்

டிரைவ், ஷீட்ஸ் இரண்டு ஆப்பையும் போடுங்கள். டிரைவ் ஆப்பில் கேமரா அடையாளத்தைத் தொட்டுச் சலானைப் படம் எடுத்தால் ஓரங்களை வெட்டி பிடிஎஃப் ஆக்கிவிடும். சரக்கு வந்ததும் ஸ்கேன், உடனே ஷீட்டில் ஒரு வரி. முதல் இரண்டு வாரம் பழைய நோட்டிலும் சேர்த்து எழுதினோம். இரட்டை வேலைதான், ஆனால் அந்த இரண்டு வாரத்தில்தான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

படி 7: கெட்டுப்போனால்

கெடுத்தவன் நான்தான். ஒரு நாள் பீஸ் அதிகமான டிசி எது என்று பார்க்க, 'வந்த பீஸ்' நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன். எண்கள் மட்டும் இடம் மாறின. பார்ட்டி பெயர் இருந்த இடத்திலேயே நின்றது. அதைக் கவனிக்காமல் டேபை மூடிவிட்டேன். மறுநாள் காலை ஒவ்வொரு பாக்கியும் தலைகீழ்.

பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் 'ஃபைல்', 'வெர்ஷன் ஹிஸ்டரி', 'சீ வெர்ஷன் ஹிஸ்டரி'. வலது பக்கம் தேதியும் நேரமுமாகப் பழைய நிலைகள் வரிசையாக வரும், யார் மாற்றினார்கள் என்ற பெயரோடு. முந்தின நாள் மதியத்தைத் தொட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தேன், எல்லாம் திரும்பியது. அதற்குப் பிறகு எழுதிய இரண்டு வரியை மட்டும் மறுபடி போட வேண்டியிருந்தது. ஒரே கட்டம் மட்டும் சந்தேகம் என்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி'. 'நான் மாத்தலை' என்ற பேச்சு எங்கள் ஆபீஸில் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

முழு ஃபைலையே அழித்துவிட்டால் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதற்குப் பிறகு போனது போனதுதான்.

படி 8: தாளை மறுபடி எடுங்கள்

சர்வர் வாங்கவில்லை, அதன் பராமரிப்பும் இல்லை. ரெண்டு ஆபீஸ் லைசென்ஸ் தேவைப்படவில்லை. பேக்கிங் பக்கம் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட இருந்தோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 அதில் ஏறாது. வேலை முழுக்க பிரவுசரில்தான் என்பதால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். ஓடுகிறது. டேலி இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் இந்த வேலை காட்டாதீர்கள், அதற்கு விண்டோஸ் வேண்டும்.

செலவு ஏறிய இடமும் உண்டு. நெட் இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்பதால் நல்ல பிராட்பேண்டுக்கு மாறினோம். கரண்ட் போனால் போன் டேட்டாவில் ஓடும். குரோமில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால் நெட் இல்லாதபோதும் எழுதலாம், நெட் வந்ததும் ஏறிவிடும்.

காசு கொடுத்து வாங்கும் திட்டங்களில் ஒரு கண் இருக்கட்டும். விலை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு என்றுதான் போட்டிருப்பார்கள். எட்டு ஆள், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் தொகை வேறு மாதிரி தெரியும். சொந்த டொமைன் பெயரில் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் உங்கள் நிறுவனப் பெயர்) மெயில் வேண்டும், ஃபைல்கள் ஆளுக்கு இல்லாமல் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்கிற கட்டத்தில் நிறுவனங்களுக்கான கூகுள் தொகுப்பான ஒர்க்ஸ்பேஸைப் பார்க்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவிடமும் இதே மாதிரி தொகுப்பு உண்டு; சொந்த டொமைனோடு ஐந்து பேர் வரைக்கும் இலவச மெயில் திட்டமும் வைத்திருக்கிறார்கள். எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) எழுதிப் பழகியவர் என்றால் மைக்ரோசாஃப்ட் பக்கமே இருப்பது நல்லது, இந்த வம்பே வேண்டாம்.

படி 9: மாதக் கடைசியில் ஐந்து நிமிடம்

டிரைவில் இருப்பதே பேக்கப் என்று நினைக்காதீர்கள். அங்கே அழிந்தால் எல்லோருடைய போனிலும் சேர்ந்துதான் அழியும். கணக்கே முடங்கினாலும் அதே கதி. மாதக் கடைசியில் ஷீட்டைத் திறந்து 'ஃபைல்', 'டவுன்லோட்' வழியாக எக்செலாக இறக்கி, அந்த மாதச் சலான் ஃபோல்டரையும் சேர்த்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருடத்தின் கணக்குப் புத்தகங்களை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் மேல் வருடத்தை எழுதி ஒட்டிவிட்டு, ஆபீஸில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.