ஏசியில் பூஞ்சை வாடையா? ஃபில்டரை மட்டும் கழுவினால் போகாது

ஏசியைப் போட்டதும் ஈரத்துணி மக்கின மாதிரி ஒரு வாடை வந்து, கொஞ்ச நேரத்தில் தானாகக் குறைந்துவிடுகிறதா? போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் கூலிங் காயிலில் தண்ணீராகி டிரேயில் வடிகிறது. அணைத்த பிறகும் அந்த ஈரம் இருட்டில் அப்படியே கிடக்கிறது, கூடவே ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது லேசில் காயாது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய்க்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நீளமாக உருளை மாதிரி தெரிவதுதான் புளோயர். அதன் தகடுகளின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளோ சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்போ அப்பியிருந்தால், அங்கிருந்து கிளம்பும் வித்துகளைத்தான் ராத்திரி முழுக்க சுவாசிக்கிறீர்கள். புளோயர் இருப்பது ஃபில்டருக்குப் பின்னால், அதனால் ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

காலையில் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, விடாத வறட்டு இருமல் எல்லாம் இதனால் வரலாம். ஏசி அறையில் படுத்தால் அதிகமாகி, வெளியூர் போனால் குறைகிறதா என்று கவனியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பும் வரலாம். புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அவர்களுக்கு நுரையீரலையே பாதிக்கும். இருமலோடு காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் டாக்டரிடம் போகும்போது ஏசி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.

ஃபில்டரை நீங்களே கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டலாம், தினமும் ஏசி போடுகிற வீட்டில் 2 வாரத்துக்கு ஒரு முறை. புளோயரும் டிரேயும் மெக்கானிக் வேலை. வருகிறவர் முன்பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார், விடாதீர்கள். "புளோயரையும் டிரேயையும் சேர்த்துக் கழுவணும், டிரெயின் பைப் அடைப்பையும் எடுக்கணும்" என்று போனிலேயே பேசிவிடுங்கள், காசு கூட ஆனாலும் பரவாயில்லை. கழுவும்போது குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த அறையில் இருக்க வேண்டாம். பிளீச்சிங் தெளிக்கவே கூடாது, காயிலின் அலுமினியத் தகடு அரித்துப்போகும், பிளீச்சிங்கை வினிகரோடு கலந்தால் விஷவாயு வேறு. ரூம் ஸ்பிரே வாடையைத்தான் மறைக்கும்.

சரி, கழுவியாச்சு, மறுபடி வராமல் இருக்க? அணைப்பதற்கு முன் ஒரு 20 நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்துவிடும். சில மாடல்களில் இப்படித் தானாகவே காயவைக்க ஆட்டோ கிளீன் என்றே ஒரு வசதி இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. மழைக்காலத்தில் டிரை மோட் போடுங்கள், ஏசி அறையில் ஈரத்துணி காயப்போடாதீர்கள். டிரெயின் பைப்பை பக்கெட்டில் விட்டிருந்தால் அதன் நுனி தண்ணீருக்குள் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூழ்கினால் தண்ணீர் சரியாக வடியாமல் டிரேயிலேயே தேங்கிவிடும்.