ரோபோ வண்டிக்குக் கண்ணும் கழுத்தும் பொருத்துவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நான்கைந்து பிள்ளைகள் ரோபோ வண்டியோடு வருவார்கள். இரண்டு சக்கரம், இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் எல்298என் மோட்டார் டிரைவர் ஒன்று, மேலே வண்டியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டு. வண்டி ஓடத் தொடங்கிய மறுவாரமே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சுவரில் மோதாமல் இதைத் திரும்ப வைக்க முடியுமா?"

முடியும். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்க எச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார் ஒன்று, அதை இடமும் வலமும் திருப்ப, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் எஸ்ஜி90 சர்வோ மோட்டார் ஒன்று. ஒன்று கண், மற்றது கழுத்து. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக எதைச் சேர்த்தாலும் சிக்னல் கம்பியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என்னிடம் வந்த வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் அங்கே இருந்ததில்லை. மின்சாரம் வரும் வழியிலும், அது திரும்பிப் போகும் வழியான கிரவுண்டிலும்தான் இருந்தது.

முதல் படி: பின் கணக்கு

கம்பியைத் தொடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். ஊனோவில் 14 டிஜிட்டல் பின்கள், அதாவது சிக்னல் கம்பி செருகும் துளைகள். 0, 1 இரண்டும் கணினியோடு பேசுவதற்கு, அவற்றை விட்டுவிடுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு பின்கள்தான் உதவும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஊனோவில் சர்வோ நூலகத்தை (சர்வோவை இயக்க ஏற்கெனவே எழுதிவைத்த நிரல்) நம் நிரலில் சேர்த்த உடனே 9, 10 இரண்டும் வேகக் கட்டுப்பாட்டை இழந்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் இன்று முரண்டு பிடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதனால் டிரைவரின் இரு வேகக் கம்பிகளை 5, 6-க்கு மாற்றுங்கள். திசைக் கம்பிகள் 2, 4, 7, 8. சர்வோவுக்கு 9. சென்சாரில் ஒலியை அனுப்பச் சொல்லும் டிரிக் கால் 12-க்கு, எதிரொலியைத் தெரிவிக்கும் எக்கோ கால் 11-க்கு.

இரண்டாம் படி: கண்

யுஎஸ்பி கம்பியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சென்சாரில் நான்கு கால்கள். மின்சாரம் வாங்கும் விசிசி போர்டின் 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி கிரவுண்டுக்கு, மற்ற இரண்டும் நாம் எழுதிவைத்த பின்களுக்கு. இது ஏறக்குறைய 15 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். போர்டு தாராளமாகத் தாங்கும்.

டிரிக் காலுக்கு 10 மைக்ரோ விநாடி துடிப்பு கொடுத்தால் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை மைக்ரோ விநாடியில் அளந்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒலி சற்று வேகமாகப் போகும். 35 டிகிரியில் ஒரு மீட்டர் தூரத்தை 98 சென்டிமீட்டர் என்று காட்டினால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

எதிரொலிக்குக் காத்திருக்கும் பல்ஸ்இன் கட்டளைக்குக் கால வரம்பாக 30,000 மைக்ரோ விநாடி கொடுங்கள். கொடுக்காவிட்டால், திறந்த வெளியில் எதிரொலி வராதபோது அது ஒரு விநாடி வரை காத்திருக்கும். அந்த ஒரு விநாடியும் வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து எண்ணைப் பாருங்கள். சரியாக வந்த பிறகே அடுத்த படி.

மூன்றாம் படி: கழுத்து

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி சர்வோவின் சிவப்புக் கம்பியைப் போர்டின் 5 வோல்ட்டிலேயே செருகிக்கொண்டு வந்தான். கழுத்து ஒரு வெட்டு வெட்டும்; போர்டின் விளக்கு மினுக்கும்; நிரல் முதலிலிருந்து தொடங்கும்; மறுபடி ஒரு வெட்டு. நிரலில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் அதையே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான். நிரலில் ஒரு பிழையும் இல்லை. சர்வோ புறப்படும் அந்தக் கணத்தில் பல நூறு மில்லிஆம்பியரை இழுத்துவிடும். மின்னழுத்தம் சரிந்து போர்டு மயங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

சர்வோவுக்குத் தனி உணவு வேண்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நான்கை ஒரு செல் பெட்டியில் போட்டால் 4.8 வோல்ட்; அது போதும். 9 வோல்ட் சதுர பேட்டரியை நம்ப வேண்டாம். இவ்வளவு மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. சர்வோவின் சிவப்பு செல் பெட்டியின் சிவப்புக்கு, பழுப்பு பெட்டியின் கறுப்புக்கு, ஆரஞ்சு 9-ஆம் பின்னுக்கு.

இனி மறக்கக் கூடாத கம்பி: செல் பெட்டியின் கறுப்பிலிருந்து போர்டின் கிரவுண்டுக்கு ஒன்று. 9-ஆம் பின்னிலிருந்து வரும் 5 வோல்ட் 'எதிலிருந்து' 5 வோல்ட் என்பது இந்தக் கம்பி இல்லாமல் சர்வோவுக்குத் தெரியாது. கழுத்து நடுங்கும், அல்லது அசையவே அசையாது. கறுப்புகள் சேர வேண்டும், செல் பெட்டியின் சிவப்பும் போர்டின் 5 வோல்ட்டும் சேரவே கூடாது.

செல் பெட்டிக் கம்பிகளுக்கு இடையே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் அந்தத் திடீர் இழுப்பு அடங்கும். பட்டை போட்ட கால் கறுப்புக்கு. மாற்றி வைத்தால் வெடிக்கக்கூடும். இரண்டு முறை பார்த்து வையுங்கள்.

நான்காம் படி: தரையில் விடுவது

சென்சாரைச் சர்வோவின் மேலே திரும்பும் பிளாஸ்டிக் கொம்பில் ஒட்டி, கம்பிகளுக்குத் திரும்ப இடம் விட்டுக் கட்டுங்கள். முதலில் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்படி வண்டியை ஒரு டப்பாமேல் வைத்து எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போதும் தூரம் நிலையாக வருகிறதா என்று கவனியுங்கள்.

கடலூர்க்காரர்களுக்காக இன்னும் ஒன்று. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று ஜம்பர் கம்பிகளின் முனையைச் சில மாதங்களில் தின்றுவிடும். திடீரென்று சென்சார் பூஜ்ஜியம் காட்டினால் கம்பியை உருவி முனையைப் பாருங்கள். துருவோ பச்சைப் படிவோ இருந்தால் கம்பியை மாற்றுங்கள். சோதித்து முடித்த இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்துவிடுவது (சால்டரிங்) நல்லது. ஓட்டாத நாட்களில் வண்டியை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எறியாமல் எடுத்து அதற்குள் போடுங்கள்.