இளநிலை மாணவர்கள் ஆய்வில் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வுகளில் பங்கேற்கச் செய்வதற்கென மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், இயற்பியலாளர் மார்கரெட் மெக்விக்கரின் முயற்சியால், 1969-இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் கோடைக்கால ஆய்வுத் திட்டம் 1979-இல் பிறந்தது. இன்று அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இத்தகைய வாய்ப்பு உண்டு. அதைத் தவறவிடும் மாணவர்கள் பலருக்குத் திறமையில் குறையில்லை. அணுகும் முறையில்தான் பிழை நேர்கிறது.

ஒரே மின்னஞ்சலைப் பெயரை மட்டும் மாற்றிப் பல பேராசிரியர்களுக்கு அனுப்புவது பயன் தராது. "தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரி யாருக்கும் பொருந்தும் என்பதாலேயே யாரையும் தொடுவதில்லை. பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, "மூன்றாவது வரைபடத்தில் வெப்பநிலை உயர்ந்தபின் மின்கடத்துதிறன் ஏன் சரிகிறது?" என்பதுபோல் விளங்காத இடத்தைக் குறிப்பிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதலாம். கட்டுரை முழுவதும் விளங்கியிருக்க வேண்டியதில்லை.

இறுதியாண்டு வரை காத்திருப்பவர்களுக்கு வேலை பிடிபடும் நேரத்தில் படிப்பே முடிந்துவிடுகிறது. பேராசிரியரின் புகழை மட்டும் பார்த்துச் சேருவதும் சரியன்று. பெரிய குழுக்களில் அன்றாடம் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட மாணவரே என்பதால், அவர் யார், அவருக்கு நேரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, ஆய்வுக் குறிப்பேட்டை அலட்சியப்படுத்துவது. அளவீட்டைத் துண்டுச் சீட்டில் குறித்துவைத்து மாலையில் பெயர்த்தெழுதும்போது எண்கள் மாறிப்போகும். தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல், அது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதித் தேதியிட வேண்டும். கணினி சார்ந்த ஆய்வில் நிரலின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவு என்று குறிப்பதும் இதில் அடங்கும். எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத அளவீட்டை மறைப்பதோ நேர்மைக் குறைவு. கருவியின் அளவுத்திருத்தம் பிசகியிருப்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்திருக்கக்கூடும்.

தேர்வுக் காலத்தில் சொல்லாமல் காணாமற்போகாமல், எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரை வெளியானால் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியுரையில் வருமா என்பதையும் தயங்காமல் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.