ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டம்

எங்கள் வீட்டுக் கொல்லை 8 அடிக்கு 10 அடி. ஒரு பக்கம் குளியலறைச் சுவர், தெற்கே பக்கத்து வீட்டு மதில். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வருஷக்கணக்கில் அங்கேதான் கிடந்தன. ஊர் புதுக்கோட்டை, நான் பஸ் கண்டக்டர். ஒருநாள் டியூட்டி, மறுநாள் வீடு. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் திரும்பிவர ராத்திரி 11 ஆகிவிடும். இந்தக் கணக்குக்குள் எது வளரும், எது வளராது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது, என்னோடு வேலை பார்க்கும் டிரைவர் அண்ணன் தன் வீட்டிலும் தோட்டம் போடப்போவதாகச் சொல்லி, டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் கேள்வி கேட்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் பண்ணிய கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 14 பாக்கெட் விதை வாங்கினேன். அதில் கேரட்டும் முட்டைக்கோஸும்கூட இருந்தன. செம்மண் அடித்து நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தேன். அது சித்திரை மாசம். மண் காய்ந்து ஓடு மாதிரி இறுகியது. தப்பிப் பிழைத்தது தண்டுக்கீரையும் 4 வெண்டைச் செடியும்தான்.

ஆகவே கடைக்குப் போகும் முன் வெயிலைப் பாருங்கள். லீவு நாளில் காலை 7 மணியிலிருந்து மணிக்கொரு தடவை கொல்லைக்குப் போய், வெயில் எங்கே விழுகிறது என்று கரித்துண்டால் கோடு போடுங்கள். காய்க்கிற செடிக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். 3, 4 மணி நேரம்தான் என்றால் கீரை, புதினா, கொத்தமல்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, ஆடியில் போட்ட கோடு மார்கழிக்குச் செல்லாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். எங்கள் 6 அடி மதிலின் நிழல் அப்போது உச்சிவேளையில்கூட 4 அடி நீளம் விழும். பாதிக் கொல்லை போச்சு. அந்த ஓரத்தில் இப்போது புதினா மட்டும்தான்.

அடுத்தது மண். எங்கள் பக்கத்துச் செம்மண்ணை அப்படியே நம்பக் கூடாது. செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, மணல் அல்லது தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு. அதோடு வேப்பம்புண்ணாக்கு இரண்டு மூன்று கைப்பிடி. கலந்த மண்ணை லேசாக நனைத்து உருண்டை பிடியுங்கள். பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மணலும் உரமும் இன்னும் கொஞ்சம். பச்சைச் சாணியை மட்டும் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துபோகும். மக்கிய உரத்தில் சாணி வாடையே இருக்காது, கையில் எடுத்தால் காடு மாதிரி மணக்கும். மண்ணைக் கொட்டியதும் விதைக்காமல் 10 நாள் தண்ணீர் மட்டும் தெளித்துவாருங்கள். உள்ளே இருக்கும் களை விதையெல்லாம் முளைத்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டு விதைத்தால், எது கீரை எது களை என்று முழிக்க வேண்டியதில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நான் பழமொழியாக மட்டும்தான் படித்திருந்தேன். காரணம் சித்திரையில் சூடுபட்டபோதுதான் புரிந்தது. ஜூலை பாதியில் ஆடி பிறக்கும்போது வெயிலின் உக்கிரம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்போது விதைத்தால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். ஆடியைத் தவறவிட்டால் தைப்பட்டம் இருக்கிறது.

கீரைக்கு இந்தப் பட்டமெல்லாம் அவ்வளவாக இல்லை, அடைமழை இல்லாமல் இருந்தால் போதும். அதனால் முதல் விதைப்பு கீரையாகவே இருக்கட்டும். 4 அடிக்கு 3 அடி பாத்தி போதும். விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு டீஸ்பூன் விதைக்கு இரண்டு கை மணல் கலந்து தூவி, மேலே மெலிசாக மண் போட்டு மூடுங்கள். தண்ணீரைப் பூவாளியால்தான் தெளிக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எறும்பும் விதையை இழுத்துப் போகும். அதற்கு என் மனைவியின் வைத்தியம், பாத்தி ஓரமாக ஒரு பிடி நொய்யரிசி. எறும்பு அதிலேயே மும்முரமாகிவிடும். 4, 5 நாளில் முளைப்பு தெரியும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை வேரை விட்டுக் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

கீரைப் பாத்தி தினமும் ஈரமாக இருக்க வேண்டும். டியூட்டி நாளில் அது என் மகளின் பொறுப்பு, மாசம் 100 ரூபாய் கணக்காக வாங்கிக்கொள்கிறாள். மற்ற செடிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே தாங்குகிறது. செடியைச் சுற்றிச் சருகும் தேங்காய் மட்டையும் போட்டு மூடிவைத்திருப்பதுதான் காரணம்.

எனக்கென்றே அமைந்த செடி வெண்டை. விதையை ராத்திரி ஊறவைத்து, காலையில் குழிக்கு இரண்டாக, விரலின் முதல் கணு ஆழத்தில் ஊன்ற வேண்டும். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். செடிக்குச் செடி ஓரடி. 45 நாளில் காய் வரும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் நார் ஏறிவிடும், முற்றல் காய் செடியிலேயே நின்றால் புதுப் பூவும் குறையும். நுனியை ஒடித்துப் பாருங்கள். கடையில் ஒடித்தால் திட்டு விழும், சொந்தக் கொல்லையில் யார் கேட்பது? எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 4 செடி வைத்தால் காயைச் சாம்பாரில் தேட வேண்டியிருக்கும். எங்கள் நாலு பேருக்கு 12 செடி வைத்திருக்கிறேன்.

இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிடுங்கள். நான் ஒரு செடிக்கு இரக்கப்பட்டு விட்டுவைத்து, ஐந்தை இழந்தேன். மாவுப்பூச்சி, அசுவினிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கிறேன். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும்.

கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு முதல் வருஷம் நாற்றாகவே வாங்கி, வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். வகைக்கு மூன்று செடி போதும். தக்காளியில் நான் வைப்பது பெரியகுளத்து பி.கே.எம். 1 என்ற ரகம். பழுத்தாலும் காம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும். முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அணில் முந்திக்கொள்ளும். நிறம் திரும்பியதும் பறித்து அடுப்படியில் வைத்துவிடுங்கள்.

பந்தலுக்கு ஒரே ஒரு கொடி. எங்களுக்குப் பீர்க்கன். ஆரம்பத்தில் பூப்பதெல்லாம் உதிரும், பயப்படாதீர்கள். அவை ஆண் பூக்கள். பெண் பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் மாதிரி குட்டிக் காய் இருக்கும். அந்தப் பிஞ்சும் வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பீர்க்கன் பூ விரிவதே சாயங்காலம்தான். வீட்டில் இருக்கும் நாளில் 6 மணி வாக்கில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவிவிடுகிறேன். மறுநாள் பிஞ்சு வாடாமல் நின்றால் காய் உறுதி.

வெண்டையில் நல்ல செடியாகப் பார்த்து விதைக்காக ஒரு காயை மட்டும் பறிக்காமல் விட்டு, நூல் கட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் என் மகள் மாதிரி யாராவது பறித்துவிடுவார்கள். ஒட்டுரக விதையாக இருந்தால் இது வேண்டாம், நாட்டு விதைக்குத்தான். காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். எங்கள் வீட்டில் அது முன்பு டிக்கெட் கட்டு வைத்திருந்த தகர டப்பா. டிரைவர் அண்ணனுக்கு அதிலிருந்து 30 விதை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவர் இன்னும் மண் கலக்கவில்லை.