சட்டம் படிக்க இணையப் பயிற்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சூழலைக் கொடுத்து, முடிவைக் கேட்டு, பதில் தப்பென்றால் அங்கேயே காரணத்தையும் சொல்லும் இணையப் பயிற்சிகள் சட்ட மாணவர்களுக்குப் பெரிய உதவி. நெரிசலான வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இப்படிச் சொல்லித்தர ஆசிரியரால் முடியாது. ஆனாலும், பயன்படுத்தும் விதத்தில் சில தவறுகள் தேர்வில் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடுகின்றன.

முதலாவது, எந்த நாட்டுச் சட்டம் என்று பார்க்காமல் படிப்பது. தேடினால் முதலில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பாடங்கள். அங்கே மைனர் செய்த ஒப்பந்தத்தை அவர் விரும்பினால் ரத்து செய்யலாம். இந்தியாவில் அது தொடக்கம் முதலே செல்லாது. மோஹோரி பீபி வழக்கில் 1903-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது; அந்த விஷயத்திலும் இதே சிக்கல்தான். வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே மறுபயன் வர வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்டம். நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 2(டி) பிரிவு ‘வேறு எவரும்’ தரலாம் என்கிறது. இதை நிலைநாட்டியது 1882-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னையா – ராமய்யா வழக்கு. தாய் மகளுக்கு நிலம் கொடுக்கிறார்; தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் ஒப்புக்கொள்கிறார், பிறகு மறுக்கிறார். உடன்பிறந்தவர் தன் பங்காக எதுவும் தராவிட்டாலும், தாய் கொடுத்த நிலமே போதுமான மறுபயன் என்றது நீதிமன்றம். நம் ஊர் வழக்கைத் தெரிந்துகொள்ளாமல், வெளிநாட்டுப் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கி என்ன பயன்?

அடுத்தது, பழைய பிரிவு எண்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இப்போது 302 அல்ல, 103. புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது! பயிற்சி எந்த ஆண்டு தயாரானது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்காகப் பழைய எண்களை மறந்துவிடாதீர்கள்; அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சரி என்று பச்சை நிறம் வந்ததும் அடுத்த கேள்விக்கு ஓடுவது. ‘தன் சொந்தக் கைக்கடிகாரத்தையே ஒருவர் திருட முடியுமா?’ என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தவர், கடைக்காரருக்குப் பாக்கி எதுவும் இல்லாதபோது, கடைக்குள் போய்ப் பறித்து வருகிறார். திருட்டு இல்லை. ‘சொந்தப் பொருள்தானே’ என்று நினைத்து அதே பதிலைத் தட்டியவருக்கும் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கூலி பாக்கி இருந்து, அதற்கு ஈடாகக் கடைக்காரர் சட்டப்படி வைத்திருந்த கடிகாரத்தை எடுத்து வந்தால், அது திருட்டு. புதிய சட்டத்தின் 303-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளிலேயே இந்த இரண்டும் உள்ளன. எனவே விடையைத் தட்டுவதற்கு முன் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். பிறகு திரையில் வரும் விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். தவறான மற்ற விடைகளுக்கான விளக்கங்களையும் விடாதீர்கள்.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மட்டுமே இருந்தால் பல்கலைக்கழகத் தேர்வில் கை ஓடாது. அங்கே பிரச்சினை, பொருந்தும் பிரிவு, அது இந்தச் சூழலுக்கு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்று நீங்களேதான் எழுத வேண்டும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் அதில் வந்த ஒரு சூழலையாவது இப்படி எழுதிப் பாருங்கள், பேர் ஆக்டை (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை) பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.